தாத்தாவின் புல்லட்டுக்கு முன் பிரேக்... டிரம் போதுமா, டிஸ்க் வேண்டுமா?

“முன் பிரேக்கைத் தொட்டுராத மக்கா, குப்புறத் தள்ளிரும்!”

நாகர்கோவில் பக்கம் பைக் பழகிய யாரும் இந்த எச்சரிக்கையைக் கேட்காமல் வளர்ந்திருக்க மாட்டார்கள். அப்பா சொல்வார், மாமா சொல்வார், பின்னால் உட்கார்ந்து வரும் அம்மாவும் சொல்வார். காலால் மிதிக்கும் பின் பிரேக்தான் பத்திரம் என்ற நம்பிக்கை, தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகிறது. சாய்ப்பில் தார்ப்பாய் மூடிக் கிடக்கும் தாத்தாவின் புல்லட்டையோ, அப்பாவின் யெஸ்டியையோ தூசி தட்டி எடுப்பவர்களிடமும் அது தெரிகிறது. இன்ஜின் வேலை, பெயின்ட், குரோம், சீட் எல்லாம் முடிந்து, பணமும் முடிந்த பிறகுதான் முன் பிரேக் ஞாபகத்துக்கு வருகிறது.

உண்மை நேர்மாறானது. ஓடும் பஸ்ஸில் டிரைவர் பிரேக் போட்டால், நிற்பவர்கள் எல்லோரும் முன்பக்கம் சாய்கிறார்கள் அல்லவா? பைக்கிலும் அதேதான். பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன் சக்கரத்தின்மேல் சாய்கிறது. முன் டயர் தரையை அழுத்திப் பிடிக்கிறது. பின் டயரின் பிடி குறைகிறது. எவ்வளவு மிதித்தாலும் பின் சக்கரம் ‘சர்ர்’ரென்று வழுக்குமே தவிர, வண்டி சட்டென்று நிற்காது.

ஒரு பள்ளிக்கூடக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 60 கி.மீ. வேகம் என்றால் ஒரு நொடிக்குச் சுமார் 17 மீட்டர். உலர்ந்த தார்ச்சாலையில் இரண்டு பிரேக்கையும் நன்றாகப் பிடித்தால், ஏறக்குறைய 24 மீட்டரில் நிற்கலாம். பின் பிரேக் மட்டும் என்றால் 45 மீட்டருக்கு மேல் ஆகும். வேறு விதமாகச் சொன்னால், முதல் வண்டி நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது வண்டி 42 கி.மீ. வேகத்தில் கடந்துகொண்டிருக்கும். அந்த இடத்தில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை சைக்கிளோடு நின்றால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

‘குப்புறத் தள்ளும்’ என்ற பயத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. மணல் கிடக்கும் திருப்பத்திலோ, வண்டி சாய்ந்திருக்கும்போதோ, லிவரை ஒரேயடியாக இறுக்கினால் விழத்தான் செய்யும். ஆனால், அது பிடிக்கும் முறையில் உள்ள கோளாறு. மெல்லத் தொட்டு, எடை முன்னால் வந்தபின் அழுத்தினால் அதே பிரேக் உயிர்காக்கும்.

பழைய புல்லட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதில் கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். இன்றைய பைக்குகளில் இது அப்படியே தலைகீழ். தினமும் வேறு பைக் ஓட்டும் பேரன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் தாத்தா வண்டியை எடுக்கிறான் என்று வையுங்கள். ஆடு குறுக்கே வந்தால் அவன் வலது கால் பழக்கதோஷத்தில் கியர் லிவரை மிதிக்கும். புது வண்டியிலும் பழைய வண்டியிலும் இடம் மாறாமல் இருக்கும் பிரேக் ஒன்றே ஒன்றுதான்... வலது கையில் இருக்கும் முன் பிரேக் லிவர். பழைய வண்டிக்கு எந்த முன் பிரேக் என்ற கேள்வி, அழகு பற்றிய கேள்வியாக இல்லாமல் போவது இதனால்தான்.

திருவொற்றியூரிலிருந்து வந்த பிரேக்

1955-ல், அதாவது கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைவதற்கு முந்தைய ஆண்டு, மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து ‘என்ஃபீல்டு இந்தியா’வைத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலையில் புல்லட் பிறந்தது. இங்கிலாந்தில் ரெட்டிச் ஆலை 1967-ல் மூடப்பட்ட பிறகும், திருவொற்றியூரில் புல்லட் தொடர்ந்து உருவானது. 1977-ல் பிறந்த ஊரான பிரிட்டனுக்கே இங்கிருந்து ஏற்றுமதியும் ஆனது.

அந்தப் பழைய புல்லட்களின் முன் சக்கரத்தில் இருந்தது ‘சிங்கிள் லீடிங் ஷூ’ டிரம் பிரேக். பின்னாளில் 7 அங்குல ‘ட்வின் லீடிங் ஷூ’ டிரம் வந்தது. 2009-ல் வந்த கிளாசிக்கில் 280 மி.மீ. டிஸ்க். இன்று ஒருவர் பழைய புல்லட்டைக் கட்டும்போது அவர் முன்னால் இருப்பதும் இந்த மூன்று வழிகள்தான்.

இந்த ‘லீடிங்’ என்றால் என்ன? டிரம்முக்குள் இரண்டு ஷூக்கள் பிறை வடிவத்தில் எதிரெதிரே இருக்கும். கேபிளை இழுத்ததும் ‘கேம்’ திரும்பி அவற்றை விரிக்கும். சக்கரம் சுற்றும் திசையைப் பார்த்து விரிகிற ஷூவை, சுற்றும் டிரம்மே இன்னும் உள்ளே இழுத்து இறுக்கிக்கொள்ளும். கதவுக்கு அடியில் வைத்த ஆப்பு, கதவைத் தள்ளத் தள்ள இறுகுவதுபோல. இதுதான் லீடிங் ஷூ. எதிர்ப்பக்க ஷூவை டிரம் வெளியே தள்ளிவிடும். அது பெயருக்குத்தான் வேலை செய்யும். சிங்கிள் லீடிங்கில் இரண்டில் ஒன்றுதான் உழைப்பாளி. ட்வின் லீடிங்கில் இரண்டு கேம்கள் வைத்து, இரண்டு ஷூவையும் உழைக்க வைத்துவிடுகிறார்கள். கை அதே பலத்தில்தான் இழுக்கிறது. பிடிமானம் மட்டும் வெகுவாகக் கூடுகிறது.

ஒரு வில்லங்கமும் உண்டு. சக்கரம் பின்னோக்கிச் சுற்றினால் இரண்டுமே சோம்பேறி ஷூ ஆகிவிடும். ஏற்றத்தில் நிறுத்தி, முன் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றால் வண்டி பின்னால் நழுவும். மலைச்சாலைக்குப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. அங்கே பின் பிரேக்தான் துணை.

ராஜ்தூத் 350 சொல்லும் கதை

முன் பிரேக்கை மாற்றுவது ஏதோ இன்றைய பையன்களின் மோகம் என்று நினைக்க வேண்டாம். கம்பெனியே மாற்றிய வரலாறு இந்தியாவில் உண்டு. யமஹாவின் ஆர்டி350 ஜப்பானிலிருந்து 1973-ல் வந்தபோது முன்னால் டிஸ்க் பிரேக். அதே வண்டியை எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-ல் ‘ராஜ்தூத் 350’ என்று இங்கே கொண்டுவந்தபோது, விலையைக் கட்டுக்குள் வைக்க டிஸ்க்கை எடுத்துவிட்டு, 7 அங்குல ட்வின் லீடிங் டிரம்மைப் பொருத்தியது. இன்ஜின் சக்தி சுமார் 30 குதிரைத்திறன். அந்தக் காலத்து இந்தியச் சாலைக்கு அது ராக்கெட். ராக்கெட்டுக்கு டிரம்!

டூ ஸ்ட்ரோக் வண்டி என்பதால் இன்னொரு கஷ்டம். புல்லட்டில் ஆக்சிலேட்டரை விட்டால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். ராஜ்தூத், யெஸ்டி, ஆர்எக்ஸ்100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் அந்தப் பிடி குறைவு. முழுப் பாரமும் பிரேக் மேல் விழும். இப்போது ராஜ்தூத் 350 வைத்திருப்பவர்களில் சிலர் தேடிப் பிடித்து ஆர்டி350-ன் பழைய டிஸ்க் செட்டைப் பொருத்துகிறார்கள். ‘இது ஒரிஜினல் இல்லையே’ என்று ஒரு கூட்டமும், ‘இதுதான் உண்மையான ஒரிஜினல்’ என்று இன்னொரு கூட்டமும் சண்டை போடும். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

உலகக் கதையும் இதே பாதையில்தான் போனது. 1969-ல் ஹோண்டா சிபி750 முன் டிஸ்க்கோடு பெருமளவில் விற்பனைக்கு வந்தது. அதன்பிறகு பெரிய பைக்குகளில் டிரம்மின் நாட்கள் எண்ணப்பட்டன. இந்தியச் சாலைகளில் டிஸ்க் பரவலாகத் தென்பட, சிபிஇசட், பல்சர் காலம் வரை, அதாவது ஏறக்குறைய 30 வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

நம்ம ஊர் ரோடு, நம்ம ஊர் மழை

குமரி மாவட்டம் சின்னது. ஆனால் ஒரு பிரேக்குக்கு வேண்டிய எல்லாப் பரீட்சையும் இதற்குள்ளேயே இருக்கிறது. மேற்கே மார்த்தாண்டம், களியக்காவிளை நெரிசல். கிழக்கே ஆரல்வாய்மொழி கணவாய்க் காற்று. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அதே காற்று பைக்கையும் பக்கவாட்டில் தள்ளும். வடக்கே கீரிப்பாறை, பாலமோர், பேச்சிப்பாறை மலைச்சாலைகள். தெற்கே குளச்சல், முட்டம், கன்னியாகுமரி உப்புக்காற்று.

முதலில் இறக்கம். ஆளோடு சேர்த்து 250 கிலோ இருக்கும் புல்லட், 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல், 60 கி.மீ. வேகத்திலிருந்து ஏழு முறை பிரேக் பிடித்து நிறுத்துவதற்குச் சமம். கியரைக் குறைத்து இறங்கினால் இன்ஜின் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். நியூட்ரலில் விட்டு ‘பெட்ரோல் மிச்சம்’ பிடித்தால் மொத்தச் சூடும் பிரேக்குக்குத்தான். மூடிய டிரம்முக்குள் சூடு சீக்கிரம் வெளியேறாது. டிரம் சூடாகி விரிய, லைனிங்கும் பிடியை இழக்கும். லிவர் கைப்பிடியைத் தொடுமளவுக்கு வரும், வண்டி மட்டும் நிற்காது. டிஸ்க் வெளியே காற்றில் சுற்றுவதால் இந்த விஷயத்தில் அதற்கே வெற்றி.

அடுத்து மழை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் கிடைப்பதால்தான் நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல். பைக்குக்கு அது இரண்டு போகம் தொல்லை. தண்ணீர் நிற்கும் ரோட்டில் போனபிறகு டிரம்முக்குள் ஈரம் புகுந்திருந்தால், முதல் பிடியில் ஒன்றுமே நடக்காது. ஓட்டிக்கொண்டே லிவரை லேசாகத் தொட்டு ஷூவை உரசவிட்டுக் காயவைக்க வேண்டும். டிஸ்க்கும் நனையும். ஆனால் ஒரு சுற்றிலேயே பேட் தண்ணீரைத் துடைத்துவிடும்.

இதுவரை டிஸ்க் பக்கமே தராசு சாய்கிறதா? உப்புக்காற்று வந்தால் கதை மாறும். தினமும் ஓடாத வண்டி கடலோரத்தில் நின்றால், காலிப்பர் பிஸ்டனும் அது நகரும் பின்களும் துருப்பிடித்து இறுகும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால், கொதிநிலை குறைந்து, இறக்கத்தில் லிவர் ‘பொத்’தென்று உள்ளே போகும். மாதம் ஒருமுறை மட்டும் தார்ப்பாய் விலக்கப்படும் வண்டிக்கு, கேபிளும் கேமும் மட்டுமே உள்ள டிரம் நல்ல தோழன்.

‘டிஸ்க்க போட்டுருவோம் மக்கா’

நண்பர்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். பழைய புல்லட்டின் ஃபோர்க்கில் காலிப்பரைத் தாங்கும் இடமே கிடையாது. அந்த இடத்தில் ஒரு இரும்புப் பட்டையை வெல்டு செய்து காலிப்பரை மாட்டுவது, தற்கொலைக்கு நல்ல நாள் பார்ப்பது மாதிரி. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் மொத்த வேகமும் அந்த ஒரு பட்டையைத்தான் திருகும்.

டிஸ்க்தான் என்று முடிவெடுத்தால், அதே கம்பெனியின் டிஸ்க் மாடலிலிருந்து ஃபோர்க், ஹப், டிஸ்க், காலிப்பர், கைப்பிடியில் வரும் மாஸ்டர் சிலிண்டர் என்று குடும்பத்தோடு எடுக்க வேண்டும். ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று பொறுக்கினால் பொருத்தம் வராது. மாஸ்டர் சிலிண்டர் துளை பெரிதானால் லிவர் மரக்கட்டைபோல இருக்கும். சிறிதானால் லிவர் கைப்பிடிவரை வந்துவிடும். ஃபோர்க் நீளம் மாறினால் வண்டியின் முன்பக்க உயரம் மாறி, திரும்பும் குணமே வேறாகும். ஆர்எக்ஸ்100-ல் வேறு பைக்குகளின் ஃபோர்க்கையும் டிஸ்க்கையும் ஏற்றுபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. லேசான அந்த வண்டியின் மெல்லிய டயருக்கு அத்தனை பெரிய பிரேக், நனைந்த ரோட்டில் சக்கரத்தைப் பூட்டிவிடத்தான் உதவும். டயர் தாங்குகிற அளவுக்குத்தான் பிரேக்கால் வேலை செய்ய முடியும். பத்து வருடப் பழைய, கல்லாக இறுகிய டயரை வைத்துக்கொண்டு டிஸ்க் வாங்குகிறவர், முதலில் அந்தக் காசில் டயர் வாங்கலாம்.

ட்வின் லீடிங் டிரம் மாற்றுபவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. ஷூக்கள் உட்கார்ந்திருக்கும் பிரேக் பிளேட், ஃபோர்க்கில் ஒரு இடத்தில் உறுதியாகப் பூட்டப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பூட்டு சரியில்லாமல் போனால், பிரேக் பிடித்த மறுநொடி பிளேட்டே சக்கரத்தோடு சுற்றி, கேபிளைச் சுருட்டி, முன் சக்கரத்தைப் பூட்டிவிடும். அப்போதுதான் ‘குப்புறத் தள்ளும்’ என்ற பழமொழி நிஜமாகும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு வண்டியைக் காட்ட வேண்டும். முன்பக்கத்தை மாற்றும் எண்ணம் இருந்தால், ஸ்பானரைத் தொடும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸிலும் கேட்டுவிடுவது உத்தமம்.

50 வயது தாண்டிய வண்டி என்றால் யோசனை இன்னும் கூட வேண்டும். 2021 ஜூலையில் வந்த விதிப்படி, அசல் வடிவம் கெடாமல் இருக்கும் அத்தகைய வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்யலாம். நம்பரில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் தினசரி ஓட்டத்துக்கு அனுமதி கிடையாது. கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு மட்டும்தான். இப்படிப்பட்ட வண்டியில் டிஸ்க் ஏற்றுவது, கல்வெட்டுக்கு எனாமல் பெயின்ட் அடிப்பது போல.

அப்படியானால் எது?

தினமும் நாற்கரச் சாலையில் திருநெல்வேலிவரை போய்வருகிறவர், முழு செட்டாக டிஸ்க் போடலாம், அனுமதியோடு. பொக்கிஷமாக வைத்திருக்கும் 1960-கள் வண்டிக்கு, இருக்கும் டிரம்மைச் செம்மைப்படுத்துவதே போதும், வேகத்தை 60-க்குள் வைத்துக்கொண்டால். இடையில் நிற்பவர்கள்தான் அதிகம்: விடுமுறைக்கு எடுப்பார்கள், வீட்டம்மாவைப் பின்னால் வைத்துத் திற்பரப்பு அருவிக்குப் போவார்கள், எப்போதாவது மலை ஏறுவார்கள். அவர்களுக்கு, பிந்தைய புல்லட்டின் 7 அங்குல ட்வின் லீடிங் டிரம்தான் கைகொடுக்கும். பார்வைக்கும் பழைய வண்டியின் முகம் மாறாது. டிஸ்க்கின் பளபளப்பில் இதை யாரும் கண்டுகொள்வதில்லை என்பதுதான் வருத்தம்.

எந்த டிரம்மானாலும், பிரேக் பிடிக்கவில்லை என்ற புகாருக்குப் பல நேரம் காரணம் டிரம் அல்ல, வேலை. பழைய டிரம் முட்டை வடிவமாகியிருக்கலாம். ஸ்போக்ஸ் இறுக்கும்போதும் வளையும். அதனால் ரிம்மோடு ஸ்போக்ஸ் கட்டி முடித்த பிறகுதான் லேத்தில் கடைய வேண்டும். புது லைனிங் டிரம்மின் வளைவோடு ஒட்டாமல், நடுவில் மட்டும் தொடும். சாக்பீஸ் தடவிச் சுற்றிப் பார்த்தால் எங்கே தொடுகிறது என்று தெரியும். அதற்கேற்ப லைனிங்கையும் கடைய வேண்டும். ட்வின் லீடிங்கில் இரண்டு கேம்களையும் இணைக்கும் கம்பியின் நீளம் சரியாக இல்லாவிட்டால், ஒரு ஷூ மட்டும் தொட்டு, மற்றது சும்மா இருக்கும். காசு கொடுத்து ட்வின் லீடிங் வாங்கி, சிங்கிள் லீடிங்காக ஓட்டுகிறவர்கள் உண்டு. கம்பியைக் கழற்றி, ஒவ்வொரு ஷூவும் டிரம்மைத் தொடும் இடத்தைத் தனித்தனியே பார்த்து, பிறகு கம்பியை அந்த அளவுக்குப் பூட்ட வேண்டும்.

பழைய டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் கறுப்புத் தூசியை ஏர் கம்ப்ரசரால் ஊதக் கூடாது. அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், அது நுரையீரலுக்கு எமன். ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட வேண்டும். சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் விட வேண்டாம்.

சக்கரத்தை மாட்டும்போது ஆக்சில் நட்டை உடனே இறுக்காமல், ஒருவர் முன் பிரேக் லிவரை அழுத்திப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் நட்டை இறுக்கினால் ஷூக்கள் டிரம்முக்கு நடுவில் தானாக உட்காரும். கேபிள் பிசிறு தட்டியிருந்தால் ஒட்டுப்போடாமல் புதிதாக மாற்றி, வளைவு இல்லாமல் ஓட்ட வேண்டும். பிறகு ஆளில்லாத நேர்ச்சாலையில், காலை வேளையில், 40 கி.மீ. வேகத்திலிருந்து மிதமாகப் பிடித்து வேகம் குறைத்து, ஆறவிட்டு, மறுபடி பிடித்து என்று இருபது முப்பது தடவை பழக்க வேண்டும். லைனிங் டிரம்மோடு பழக முதல் சில நூறு கிலோமீட்டர் ஆகும். அதுவரை பாலமோர் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. அது முடிந்ததும் கேபிளை ஒருமுறை சரிசெய்தால் போதும். லிவரில் அரை அங்குலம் தளர்வு இருக்கட்டும்.